புளிப்பு மண்ணில் பால் சுரக்கும் செடி!

சித்திரை வெயில் கொளுத்துகிறது. ஏரி வற்றிவிட்டது. வரப்புப் புல் கருகிவிட்டது.

கொட்டகையில் கட்டியிருக்கும் பசு, முன்னால் போட்ட வைக்கோலை முகர்ந்து பார்க்கிறது. இரண்டு வாய் தின்கிறது. பிறகு தலையைத் திருப்பிக்கொள்கிறது.

மாலையில் பால் கறக்க உட்கார்ந்தால் செம்பு பாதிகூட நிறைவதில்லை.

"இதை விற்றுவிட்டால் என்ன?" என்று வீட்டில் பேச்சு எழுகிறது.

காஞ்சிபுரத்தை ஒட்டி இருக்கும் ஏனாத்தூரிலும், அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும், மாடு வைத்திருக்கும் வீடுகளில் கோடைதோறும் கேட்கும் பேச்சு இது. கோடையில் விற்கிற மாட்டுக்கு நல்ல விலை வராது. எல்லோரும் விற்கிற நேரம் அது. மழை பெய்து புல் தழைத்த பிறகு வேறு மாடு பிடிக்கப் போனால், விற்ற விலைக்குக் கன்றுக்குட்டிகூடக் கிடைக்காது.

அதே வீட்டுக்கு ஊர்க்கோடியில் பத்து சென்ட் மேடு ஒன்று இருக்கலாம். செம்மண்ணும் சரளையுமாக, "எதைப் போட்டாலும் தேறாது" என்று கைவிடப்பட்ட மேடு.

அந்த மேட்டிலேயே பசுவுக்குத் தீவனம் விளையுமா?

விளையும். அதற்கு ஏற்ற செடி ஒன்று இருக்கிறது. அதன் பெயர் முயல் மசால்.

ஆனால் ஒரு விஷயம். இந்தச் செடி முதல் வருடம் ஆளை ஏமாற்றும்!

மேய்ச்சல் எங்கே?

காஞ்சிபுரம் நகரத்துக்குள் தறி ஓசை. நகரத்தைத் தாண்டி ஏனாத்தூர் பக்கம் வந்தால், 1993-ல் தொடங்கிய சந்திரசேகரேந்திர சரசுவதி பல்கலைக்கழகத்தின் கட்டிடங்கள். சுற்றிலும் வயல்களும், ஏரிகளும், நடுநடுவே மேடுகளும்.

முன்பு ஊருக்கு ஊர் மேய்க்கால் நிலம் இருந்தது. மாட்டை ஓட்டிவிட்டால் போதும். மாலையில் வயிறு நிறைந்து தானாக வீடு திரும்பும்.

1990-களின் பிற்பகுதியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை பக்கம் பெரிய பெரிய தொழிற்சாலைகள் வந்தன. வேலை கிடைத்தது. நல்லதுதான். கூடவே நிலத்தின் விலையும் ஏறியது. சும்மா கிடந்த மேட்டில் எல்லாம் மனைக்கல் நட்டார்கள்.

மனைக்கல்லை மாடு தின்னுமா?

ஆகவே, மாடு வைத்திருப்பவர் தம் தீவனத்தைத் தாமே விளைவிக்க வேண்டிய காலம் இது. நஞ்சையில் நெல் போட வேண்டும். கிணற்றுத் தோட்டத்தில் காய்கறியோ கடலையோ போட வேண்டும். மிச்சம் இருப்பது மேடுதான்.

வைக்கோல் மட்டும் போதாதா?

போதாது. காரணம் மாட்டின் வயிற்றிலேயே இருக்கிறது.

மாடு வைக்கோலைத் தின்கிறது. ஆனால் அதை மாடு மட்டும் செரிப்பதில்லை. அதன் முதல் வயிற்றில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. வைக்கோலின் நாரை உடைத்துச் செரிக்க வைப்பது அவைதான்.

அந்த நுண்ணுயிர்களுக்கும் சாப்பாடு வேண்டும் அல்லவா? அவற்றுக்குத் தேவை புரதச் சத்து. தீவனத்தின் காய்ந்த எடையில் நூற்றுக்கு ஏழு பங்காவது புரதம் இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் அவை சோர்ந்துவிடும். நார் செரிக்காமல் வயிற்றிலேயே தங்கும். வயிறு காலியாகாததால் மாடு மேலும் தின்னாது.

நெல் வைக்கோலில் புரதம் நூற்றுக்கு மூன்று, நான்கு பங்குதான்.

வைக்கோல் போர் மலைபோல் இருக்கும்போதே பசு இளைக்கிறதே, அந்த விந்தை இதனால்தான்!

முயல் மசாலின் காய்ந்த எடையில் புரதம் நூற்றுக்கு 15 முதல் 18 பங்கு. வைக்கோலோடு இதைக் கொஞ்சம் கலந்துவிட்டால், பசு வைக்கோலையும் சேர்த்துத் தின்னும். தின்ற வைக்கோலும் செரிக்கும். ஒரு தீவனம் இன்னொரு தீவனத்தையும் உபயோகப்படச் செய்கிறது. பட்டுப் புடவையில் உடலையும் கரையையும் கோர்வை போட்டு இணைப்பது காஞ்சிக்காரர்களுக்குத் தெரியும். இதுவும் ஒரு கோர்வைதான்.

வேரில் ஒரு தொழிற்சாலை

முயல் மசாலுக்கு இவ்வளவு புரதம் எங்கிருந்து வந்தது? அந்த மேட்டு மண்ணில்தான் சத்தே இல்லையே?

காற்றிலிருந்து வந்தது!

முயல் மசால் பயறு வகையைச் சேர்ந்த செடி. உளுந்து, காராமணி, கொள்ளு, வேர்க்கடலை எல்லாம் இதன் சொந்தக்காரர்கள். அதிலும் வேர்க்கடலை மிக நெருங்கிய உறவு.

வேர்க்கடலைச் செடி ஒன்றை மண்ணோடு பெயர்த்து, வேரைக் கழுவிப் பாருங்கள். வேரில் சின்னச் சின்ன முடிச்சுகள் இருக்கும். ஒன்றை நகத்தால் கிள்ளுங்கள். உள்ளே ரோஜா நிறமாக இருந்தால், அந்த முடிச்சு வேலை செய்துகொண்டிருக்கிறது என்று பொருள். உள்ளே பச்சையாகவோ சாம்பல் நிறமாகவோ இருந்தால், வேலை நின்றுவிட்டது.

என்ன வேலை?

நம்மைச் சுற்றியுள்ள காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். செடிகள் கேட்கும் தழைச்சத்து அதுதான். ஆனால் காற்றில் உள்ளதைச் செடியால் நேராக எடுத்துக்கொள்ள முடியாது. கடலுக்கு நடுவே தாகத்தோடு இருப்பவன் கதைதான்.

வேர் முடிச்சுக்குள் ரைசோபியம் என்ற நுண்ணுயிர் குடியிருக்கிறது. அது காற்றின் நைட்ரஜனைப் பிடித்துச் செடி தின்னும் உணவாக மாற்றித் தருகிறது. அதற்குக் கூலியாகச் செடி சர்க்கரை கொடுக்கிறது. யூரியா தொழிற்சாலையில் பெரிய இயந்திரங்களும் கடும் வெப்பமும் கொண்டு செய்கிற வேலையை, இந்த முடிச்சு சத்தமில்லாமல் மண்ணுக்கடியில் செய்கிறது.

இதைக் கண்டறிந்தவர்கள் ஜெர்மனியைச் சேர்ந்த ஹெல்ரீகல், வில்ஃபார்த் என்ற இரண்டு விஞ்ஞானிகள். 1886-ல் அறிவித்தார்கள். 1888-ல் ஹாலந்து நாட்டு விஞ்ஞானி பெய்ஜெரிங்க் அந்த நுண்ணுயிரைத் தனியாகப் பிரித்துக் காட்டினார்.

பயறு விதைத்த நிலம் வளமாகும் என்பது நம் பாட்டன்மார்களுக்கு அதற்கு முன்பே தெரியும். காரணம் மட்டும்தான் புதியது.

மண் புளிக்குமா?

சரி. காராமணியும் பயறு வகைதான். குதிரை மசாலும் பயறு வகைதான். அவற்றையே மேட்டில் விதைத்தால் என்ன?

குதிரை மசால் தீவனங்களின் ராணி என்று பெயர் எடுத்தது. ஆனால் அந்த ராணிக்குப் புளிப்பு ஆகாது!

செம்புறாங்கல் மண் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். சரளை மண் என்றும் சொல்வார்கள். ஈரமாக இருக்கும்போது வெட்டி எடுத்து, வெயிலில் காயவைத்தால் செங்கல்போல் இறுகிவிடும். மலபாரில் இதைப் பார்த்த புக்கானன் என்ற ஸ்காட்லாந்துக்காரர், 1807-ல் செங்கல்லுக்கான லத்தீன் சொல்லைக் கொண்டு "லேட்டரைட்" என்று பெயர் வைத்தார்.

தமிழ்நாட்டில் காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவள்ளூர், தஞ்சாவூர் மாவட்டங்களின் சில பகுதிகளிலும், நீலகிரி மலையிலும் இந்த மண் இருக்கிறது.

நூற்றாண்டு நூற்றாண்டாகப் பெய்த மழை, இந்த மண்ணில் இருந்த சுண்ணாம்புச் சத்தையும் மற்றச் சத்துகளையும் அலசிக்கொண்டு போய்விட்டது. மிஞ்சியது இரும்பும் அலுமினியமும். இரும்புதான் சிவப்பு நிறம் தருகிறது. சுண்ணாம்பு போன பிறகு மண்ணில் அமிலம் ஏறுகிறது. அதாவது மண் புளிக்கிறது.

இந்தப் புளிப்பை நாக்கில் வைத்துப் பார்க்க முடியாது. அதற்கு ஓர் அளவுகோல் உண்டு. 1909-ல் கோபன்ஹேகன் நகரில், ஒரு பீர் கம்பெனியின் ஆராய்ச்சிச் சாலையில் வேலை பார்த்த சோரன்சன் என்பவர் வகுத்தது. "பி.எச்." என்பார்கள். ஏழு என்றால் நடுநிலை. ஏழுக்குக் கீழே போகப் போகப் புளிப்பு. ஏழுக்கு மேலே போகப் போகக் களர்.

இதில் ஒரு சூட்சுமம். ஆறைவிட ஐந்து ஒரு படி அதிகம் என்று நினைக்கக் கூடாது. பத்து மடங்கு அதிகம்!

புளிப்பு ஏறினால் என்ன கெடுதி?

முதலாவது, மண்ணில் சும்மா கிடந்த அலுமினியம் கரைந்து வேரைத் தாக்குகிறது. வேர் நீளாமல் குட்டையாக நின்றுவிடுகிறது. அடி மண்ணில் ஈரம் இருந்தும் எட்ட முடியாமல் செடி வாடுகிறது. மேட்டில் போட்டது "தண்ணீர் இல்லாமல் காய்ந்துவிட்டது" என்கிறோம். பல சமயம் தண்ணீர் இருந்தது, வேர்தான் போகவில்லை.

இரண்டாவது, நாம் போடுகிற மணிச்சத்தை இரும்பும் அலுமினியமும் இறுகப் பிடித்துக்கொள்கின்றன. கருமி கையில் சிக்கிய காசு போலத்தான்.

மூன்றாவது, வேர் முடிச்சில் உள்ள நுண்ணுயிரே சோர்ந்துவிடுகிறது. அதற்கு வேண்டிய மாலிப்டினம் என்ற உலோகச் சத்து, புளிப்பு மண்ணில் கிடைப்பதில்லை.

மாலிப்டினத்துக்கு ஒரு கதை உண்டு. தெற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு புல்வெளியில் குளோவர் என்ற பயறு வகைத் தீவனம் வளரவே இல்லை. எந்த உரம் போட்டும் பலன் இல்லை. மரச்சாம்பல் விழுந்த இடத்தில் மட்டும் செழித்தது. ஆண்டர்சன் என்ற விஞ்ஞானி சாம்பலில் அப்படி என்ன இருக்கிறது என்று துருவினார். மாலிப்டினம் என்று 1942-ல் கண்டுபிடித்தார். ஏக்கருக்குச் சில அவுன்ஸே போதுமாக இருந்தது. நம் வீட்டு விறகடுப்புச் சாம்பலை எருக்குழியில் கொட்டுகிற பழக்கத்தை யாரும் கேலி செய்ய வேண்டாம்.

சுண்ணாம்பா? செடியா?

புளித்த மண்ணில் தீவனம் விளைவிக்க இரண்டு வழி உண்டு. மண்ணைச் செடிக்கு ஏற்றபடி மாற்றலாம். அல்லது, மண்ணுக்கு ஏற்ற செடியைத் தேடலாம்.

முதல் வழியை நீலகிரியில் பார்க்கலாம். ஊட்டியை அடுத்த சாண்டிநல்லாவில் 1955-ல் தொடங்கிய ஆடு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இன்று அது தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. உடலெல்லாம் கம்பளி உரோமம் தரும் நீலகிரி ஆடுகளுக்குப் பேர்போன இடம். அந்தக் குளிர் மலையில் மண் நல்ல புளிப்பு. அங்கே கிக்குயூ என்ற ஆப்பிரிக்கப் புல்லும், ஐரோப்பாவிலிருந்து வந்த வெள்ளைக் குளோவரும் சேர்ந்து மேய்ச்சலுக்கு வளர்கின்றன. குளோவர் தழைக்கச் சுண்ணாம்பு வேண்டும். மலையில் உருளைக்கிழங்கு போடுகிறவர்களும் புளிப்பை அடக்க மண்ணில் சுண்ணாம்பு இடுவார்கள்.

இந்த வழி காஞ்சிபுரத்து மேட்டுக்குச் சரிப்படுமா? வெள்ளைக் குளோவர் நம் வெயிலில் ஒரு மாதம்கூடத் தாங்காது. குதிரை மசாலுக்காகச் சுண்ணாம்பு போடலாம் என்றால், டன் கணக்கில் வாங்க வேண்டும். அதை அடி மண் வரைக்கும் கலக்க வேண்டும். சில வருடம் கழித்து மறுபடியும் போட வேண்டும். மேட்டு நிலம் தருகிற வருமானத்தில் அது கட்டுப்படியாகாது.

ஆகவே இரண்டாவது வழிதான். புளிப்புக்கு அஞ்சாத செடி.

தென் அமெரிக்காவிலிருந்து வந்த விருந்தாளி

முயல் மசால் பிரேசில் நாட்டுப் பக்கத்துச் செடி. விஞ்ஞானிகள் வைத்த பெயர் ஸ்டைலோசாந்தஸ். இடுப்பு உயரத்துக்கு மேலும் வளரக்கூடியது. சின்ன மஞ்சள் பூ. இலையில் பிசுபிசுப்பான உரோமம். ஆணிவேர் ஆழமாக இறங்கும்.

பிறந்த மண்ணே புளித்த மண் ஆகையால், பி.எச். ஐந்துக்குக் கொஞ்சம் கீழே போனாலும் இது தாங்கும். கரைந்த அலுமினியம் இதன் வேரை அவ்வளவாக வருத்துவதில்லை. மணிச்சத்து குறைவாக இருந்தாலும் தேடி எடுத்துக்கொள்ளும். வருடத்துக்கு 450 மில்லிமீட்டர் மழை கிடைத்தால்கூடப் பிழைத்துக்கொள்ளும். காஞ்சிபுரத்தில் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் பெய்கிறது.

இதற்கு ஒரு வகை தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் ஆதியிலிருந்தே காட்டுச் செடியாக இருக்கிறது. ஆகவே விருந்தாளி என்று சொன்னாலும், முற்றிலும் அன்னியர் அல்ல, தூரத்து உறவு!

இந்தச் செடியை வைத்துப் பெரிதாக வாழ்ந்ததும், பெரிதாக அடிபட்டதும் ஆஸ்திரேலியாதான். அங்கே டவுன்ஸ்வில் என்ற துறைமுக நகரத்தின் பக்கம், யாரும் விதைக்காமலே இதன் ஒரு வகை முளைத்துப் பரவியது. மாடுகள் தின்று கொழுத்தன. உடனே லட்சக்கணக்கான ஏக்கரில் அந்த ஒரே வகையை விதைத்தார்கள்.

1970-களில் வந்தது வினை. ஆந்த்ராக்னோஸ் என்ற பூசண நோய், இலையிலும் தண்டிலும் கரும்புள்ளியாகத் தொடங்கியது. சில வருடங்களில் அந்த வகை அடியோடு அழிந்தது. நோயைத் தாங்கும் வேறு வகைகளைக் கொண்டுவந்த பிறகே நிலைமை சீராயிற்று. அப்படி வந்து நிலைத்தவற்றில் ஒன்று, நாம் முயல் மசால் என்று விதைக்கும் புதர் வகையைச் சேர்ந்தது.

நம் செடியிலும் கரும்புள்ளி கண்டால் அலட்சியம் கூடாது. வேளாண்மை அலுவலரிடம் கிள்ளிக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும்.

நான்கு நிமிடம்!

முயல் மசால் விதையை வாங்கி வந்து அப்படியே தூவினால், பெரும்பாலும் முளைக்காது. "விதை மோசம்" என்று திட்டுவோம். மோசம் விதையில் இல்லை. அதன் தோல் அவ்வளவு கடினம். தண்ணீர் உள்ளே போவதில்லை.

அதற்கு வெந்நீர் வைத்தியம் இருக்கிறது. தண்ணீரின் சூடு 80 டிகிரி. நேரம் நான்கு நிமிடம். இதுதான் கணக்கு.

வீட்டில் வெப்பமானி இல்லையே என்று கவலை வேண்டாம். தளதளவென்று கொதிக்கும் தண்ணீர் மூன்று செம்பு; சாதாரணத் தண்ணீர் ஒரு செம்பு. இரண்டையும் ஒரு பாத்திரத்தில் கலந்தால் ஏறக்குறைய அந்தச் சூடு வந்துவிடும். விதையைத் துணியில் தளர்வாக முடிந்து உள்ளே விட வேண்டும். நான்கு நிமிடம் ஆனதும் எடுத்துவிட வேண்டும். அடுப்பில் பாத்திரத்தை வைத்துக்கொண்டே செய்தால், விதை வெந்து சுண்டலாகிவிடும்!

பிறகு குளிர்ந்த தண்ணீரில் ஓர் இரவு ஊற வேண்டும். மறுநாள் காலையில் வடிகட்டி, நிழலில் உலர்த்த வேண்டும்.

அதன்பிறகு ரைசோபியம். வேளாண்மை விரிவாக்க மையங்களில் பொட்டலமாகக் கிடைக்கும். ஆறிய அரிசிக் கஞ்சியில் அதைக் கலந்து, விதையின் மேல் பூசி, நிழலில் அரை மணி காயவைத்து உடனே விதைத்துவிடலாம். வரிசையை மாற்றக் கூடாது. வெந்நீர் முன்னே, நுண்ணுயிர் பின்னே. மாறிப் போனால் நுண்ணுயிர் செத்துப்போகும். பொட்டலத்தை வெயிலில் வைத்தாலும் அதே கதி.

பத்து சென்டுக்கு என்ன வேண்டும்?

முதலில் மண் பரிசோதனை. இதைச் செய்யாமல் மேலே போக வேண்டாம். காஞ்சிபுரம் பக்கத்து மண் எல்லாம் புளிப்பு அல்ல. ஏரிப் பாசனக் களிமண்ணும் உண்டு. களர் ஏறிய இடமும் உண்டு. பி.எச். ஏழு, எட்டு என்று வந்தால் முயல் மசாலைவிட வேலிமசால் நன்றாக வரும். 2015-ல் தொடங்கிய மண் வள அட்டைத் திட்டத்தில் உங்கள் நிலத்துக்கு அட்டை வாங்கியிருந்தால், பெட்டியிலிருந்து எடுத்துப் பாருங்கள். அந்த எண் அதில் இருக்கும்.

இரண்டாவது, தண்ணீர் தேங்குகிறதா என்று பார்க்க வேண்டும். முயல் மசால் வறட்சியைத் தாங்கும். ஆனால் ஐப்பசி மழையில் காலடியில் தண்ணீர் நின்றால் அழுகிவிடும். மேடுதான் அதற்கு வீடு.

விதைக்கும் காலம் ஆடி முதல் புரட்டாசி வரை. காஞ்சிபுரம் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை கொட்டும். ஆகவே ஆடியிலேயே விதைத்துவிட்டால், அதற்குள் செடி காலூன்றிக்கொள்ளும்.

தூவி விதைக்க ஹெக்டேருக்குப் பத்துக் கிலோ விதை. பத்து சென்டுக்கு 400 கிராம் ஆகும். மிகச் சின்ன விதை. மணலோடு கலந்து தூவினால் சீராக விழும். ஆழப் புதைக்கக் கூடாது. முள் கிளையை இழுத்து மண்ணை லேசாக மூடினால் போதும்.

உரம் என்றால், மக்கிய தொழு உரம் 400 கிலோ. சூப்பர் பாஸ்பேட் 15 கிலோ. யூரியா ஒன்றே முக்கால் கிலோ, பொட்டாஷ் ஒரு கிலோ. யூரியா ஏன் இவ்வளவு கொஞ்சம்? வேரில் முடிச்சு விழும் வரைக்கும்தான் அது தேவை. பிறகு செடி தானே சம்பாதித்துக்கொள்ளும். மணிச்சத்து மட்டும் காற்றில் கிடைக்காது. அதை நாம்தான் கொடுக்க வேண்டும்.

புளித்த மண்ணுக்கு ஒரு சலுகை உண்டு. ராஜஸ்தானில் உதய்ப்பூர் பக்கம் ஜாமர்கோட்ராவில் வெட்டி எடுக்கும் ராக் பாஸ்பேட் என்ற பாறைத்தூள், சாதாரண மண்ணில் எளிதில் கரையாது. புளிப்பு மண்ணின் அமிலம் அதை மெதுவாகக் கரைத்துச் செடிக்குத் தரும். மண்ணின் குற்றமே இங்கே உதவிக்கு வருகிறது.

கூடப் புல்லும் போடலாம். வறண்ட மாவட்டங்களில் முயல் மசாலோடு கொழுக்கட்டைப் புல் விதைப்பார்கள். மண் நல்ல புளிப்பாக இருந்தால் கொழுக்கட்டைப் புல் தேறாது. அங்கே கினியாப் புல் நடலாம்.

உழுதுவிடாதீர்கள்!

இனிமேல்தான் சோதனை.

விதைத்து ஒரு மாதம் ஆனாலும் முயல் மசால் சுண்டுவிரல் உயரம்தான் நிற்கும். சுற்றிலும் களை முழங்கால் உயரம் எழும்பிவிடும். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். "செலவு செய்து களை வளர்க்கிறாயா?" என்பார்கள்.

அந்த நாட்களில் செடி மேலே வளர்வதில்லை. கீழே வளர்கிறது. ஆணிவேரை இறக்கிக்கொண்டிருக்கிறது.

களையைக் கையால் எடுக்க வேண்டும். ஆடு நுழையாமல் முள்வேலி போட வேண்டும். இளஞ்செடியை ஆடு கடித்தால் வேரோடு வந்துவிடும். 75 நாளில் பூக்கும்போது ஒரு முறை அறுக்கலாம். அறுவடை என்று பெயர்தான். சில கூடை தேறும். கூலியோடு கணக்குப் பார்த்தால் நஷ்டம்.

பொறுமை இழந்து உழுதுவிடுகிறவர்கள் உழுவது இந்தக் கட்டத்தில்தான். செலவு செய்தது போகிறது, வேர் போகிறது, "எங்கள் மண்ணில் அதெல்லாம் வராது" என்ற பேச்சு மட்டும் ஊரில் நிலைத்துவிடுகிறது.

விட்டுவைத்தால், விதை முற்றித் தானே உதிரும். அடுத்த மழையில் அந்த விதைகளும் முளைக்கும். இரண்டாம் வருடம் இடைவெளி அடையும். மூன்றாம் வருடத்திலிருந்து ஹெக்டேருக்கு 30 முதல் 35 டன் பசுந்தழை என்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் கணக்குச் சொல்கிறது. பத்து சென்டுக்கு 1,200 முதல் 1,400 கிலோ. மழை ஏமாற்றினால் குறையும்.

நாளுக்கு மூன்றரைக் கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். கறவைப் பசு ஒன்றுக்கு நாளைக்கு இருபது கிலோ பசுந்தீவனம் கொடுத்தால், அதில் மூன்றில் ஒரு பங்கு பயறு வகையாக இருப்பது நல்லது. அதாவது ஆறு, ஏழு கிலோ. பத்து சென்ட் மேடு அதில் பாதியைத் தருகிறது. பசு இல்லை, மூன்று ஆடுதான் இருக்கிறது என்றால், ஆட்டுக்கு ஒரு கிலோ வீதம் மூன்றுக்கும் போதும்.

பெரிய பணக்காரராக்கிவிடும் கணக்கு இல்லை இது. சித்திரையில் பசுவை விற்காமல் இருக்கலாம். அவ்வளவுதான்.

முகர்ந்துவிட்டு விலகும் பசு

முதல் நாள் போட்டவுடன் பசு ஆவலாகத் தின்னும் என்று எதிர்பார்க்க வேண்டாம். இலையின் பிசுபிசுப்பு அதற்குப் புதிது. முகர்ந்துவிட்டு விலகும். பச்சைப் புல்லோடு நறுக்கிக் கலந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால் நான்கைந்து நாளில் பழகிவிடும். குளோவரையும் இளசான குதிரை மசாலையும் அளவுக்கு மீறித் தின்றால் மாட்டுக்கு வயிறு உப்பும். முயல் மசாலுக்கு அந்தத் தொல்லை இல்லை.

இன்னொரு விஷயம். மணிச்சத்துக் குறைந்த மண்ணில் விளைந்த தீவனத்திலும் மணிச்சத்துக் குறைவாகவே இருக்கும். செடி சமாளித்துக்கொள்ளும், பசு சமாளிக்காது. தெருவில் கிடக்கும் எலும்பை மாடு வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தால், அது சேட்டை அல்ல. மணிச்சத்துக்கு ஏங்குகிறது. தாது உப்புக் கலவையைத் தவிட்டோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

கோடைக்கு வேண்டியதைத் தை மாதத்திலேயே சேர்த்து வைக்கலாம். மழை ஓய்ந்த பிறகு அறுத்து, தார்ப்பாய் விரித்து நிழலில் உலர்த்த வேண்டும். தரையில் உலர்த்தினால் இலையெல்லாம் உதிர்ந்து மண்ணோடு போய்விடும். சத்து இலையில்தான் இருக்கிறது. காய்ந்த பிறகு நான்கு கிலோ ஒரு கிலோவாகும். அதைச் சாக்கில் அடைத்துப் பரணில் போட்டுவைத்தால், சித்திரையில் வைக்கோலோடு கை கையாகக் கலந்து போடலாம்.

காஞ்சிபுரம், செங்கல்பட்டு வட்டாரத்தில் சந்தேகம் கேட்க விரும்புகிறவர்களுக்குக் காட்டுப்பாக்கத்தில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. நாடு முழுவதற்குமான புல், தீவன ஆராய்ச்சி நிலையம் 1962-லிருந்து ஜான்சியில் இயங்குகிறது.

இயற்கையான மலைப் புல்வெளியிலும் காட்டிலும் இதைக் கொண்டுபோய்த் தூவ வேண்டியதில்லை. அங்கே அதனதன் புல் இருக்கிறது. சொந்தப் பட்டா மேடும், சரிந்து கிடக்கும் கரையும், தென்னந்தோப்பில் வெயில் விழும் இடமும் போதும்.

அறுக்கும்போது தரையோடு ஒட்ட அறுக்காமல், ஒரு சாண் தண்டு விட்டு அறுக்க வேண்டும். அதிலிருந்துதான் மறுபடி துளிர்க்கும். வருடத்தில் ஒரு தடவையாவது விதை முற்றி உதிர விட வேண்டும்.

அந்த விதைகளில் கொஞ்சம் பசுவின் வயிற்றுக்குள்ளும் போகும். வெந்நீர் இல்லாமல் மசியாத தோல் அல்லவா? சாணத்தோடு வெளியே வரும்போதும் பல உயிரோடுதான் வரும். ஏனாத்தூர் மேட்டில் அடுத்த ஆடியில், யாருமே விதைக்காத பக்கத்து நிலத்து வரப்பில், மஞ்சள் பூவோடு ஒரு முயல் மசால் எட்டிப் பார்த்தால், அதை விதைத்தது பசுதான்.